பாண்டியின் பழைய சின்ன வீட்டை உங்கள் வீடாக்க

முத்தியால்பேட்டையிலோ குருசுக்குப்பத்திலோ பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள பழைய தெருக்களிலோ சுண்ணாம்புக் காரை வீடு ஒன்று கிடைத்தால், அதன் அறை பெரும்பாலும் பத்தடி அகலத்தைத் தாண்டாது. மரக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே சின்னச் செங்கலைச் சுண்ணாம்பில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை அது. கட்டையின் நீளம்தான் அறையின் அகலம். ஆனால் உயரம் பதினொன்று, பன்னிரண்டு அடி இருக்கும். முற்றமும் ஆளுயரச் சன்னலும் இருப்பதால் பகலில் விளக்குப் போட வேண்டியதே இல்லை. இந்த வீட்டுக்குள் மூன்று பேர் சோபாவையும் பால்ஸ் சீலிங்கையும் பளபளக்கும் டைல்ஸையும் கொண்டுவந்தால், வீடு இருந்த அழகும் போய், வாங்கிய சாமானும் எடுபடாமல் போகும். எதை எங்கே வைப்பது என்பதை இங்கே இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: ஒன்று வெளிச்சம், மற்றது கடல்காற்றில் வரும் உப்பு. உங்கள் ரசனை அதற்கு அடுத்துத்தான் வரும்.

முதலில் ஒரு துண்டு சுண்ணாம்புக்கட்டி

சாமான் எதுவும் வாங்கும் முன், காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நான்கு ஆகிய மூன்று வேளையும் தரையிலும் சுவரிலும் வெயில் விழும் இடத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் மணியையும் எழுதுங்கள். பாண்டி வீதிகள் ஏறக்குறைய நேராகக் கிழக்கு மேற்கு, வடக்கு தெற்காக ஓடுவதால் கணக்கு சுலபம். கிழக்குச் சன்னலில் வரும் வெயில் மிதமானது, பத்து மணிக்குள் போய்விடும். மேற்கு வெயில்தான் சாமானைத் தின்னும்.

பலர் கவனிக்காதது வடக்கு. பாண்டி ஏறக்குறைய 12 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 21 வாக்கிலும் ஆகஸ்ட் 21 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும். அதாவது, "வடக்குச் சன்னல், வெயிலே வராது" என்று நம்பி ஜனவரியில் அதன் பக்கத்தில் வைத்த தஞ்சாவூர் ஓவியம், ஜூனில் வெயிலில் காயலாம். மார்கழி, தையில் தெற்குச் சன்னல் வழியாக வெயில் சரிந்து அறையின் உள்வரைக்கும் நீளும். ஒரு நாள் போட்ட கோட்டோடு இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு முழுக்க எந்த இடம் வெயில்படும், எது படாது என்று தெரிந்துவிடும்.

வெயில் விழும் இடத்தில் பித்தளை, வில்லியனூர் சுடுமண், செடி எல்லாம் வைக்கலாம். பட்டு, புத்தகம், போட்டோ, பாலிஷ் போட்ட மேசை ஆகியவற்றுக்குக் கோட்டுக்கு வெளியே இடம் பாருங்கள்.

கண்ணாடியைச் சன்னலுக்கு நேர் எதிரே மாட்டுவது வழக்கமான யோசனை. பாண்டி வெயிலில் அது கண்ணில்தான் அடிக்கும். சன்னலை ஒட்டிய பக்கச் சுவரில், சன்னல் விளிம்பிலிருந்து ஒன்றரை அடி தள்ளி மாட்டினால், வெளிச்சம் அறையின் இருண்ட மூலைக்குத் திரும்பும். உப்புக்காற்று கண்ணாடியின் பின்பூச்சை விளிம்பிலிருந்து கறுக்க வைக்கும். சட்டம் போடும் முன் விளிம்பு நான்கிலும் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுக்கச் சொல்லுங்கள்.

முற்றத்துக்கு மேல் கூரை போட்டே ஆக வேண்டுமென்றால், பச்சை, நீல ஷீட் வேண்டவே வேண்டாம். வீட்டில் இருப்பவர்கள் முகம் முதல் சோற்றுத்தட்டு வரை எல்லாம் பச்சையாகத் தெரியும். பால்வெள்ளை பாலிகார்பனேட் போட்டு, சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே சுற்றிலும் ஓரடி இடைவெளி விட்டுக் கொசுவலை அடியுங்கள். அந்த இடைவெளியை மூடினால் சூடு வெளியே போக வழியின்றி வீடு அடுப்பாகிவிடும்.

சுவர்: இங்கேதான் பணம் வீணாகிறது

பழைய வீடு வாங்கியவர்கள் செய்யும் முதல் செலவு பட்டி பார்த்து எமல்ஷன் அடிப்பது. இரண்டு மழைக்காலம் போவதற்குள் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பெயிண்ட் கொப்புளித்து, உள்ளே வெள்ளைத் தூளாக உப்பு பூத்து உதிரும். பெயிண்ட் கம்பெனி மேல் தப்பில்லை. இந்தச் சுவர்களுக்கு அடியில் ஓதத்தைத் தடுக்கும் தளம் கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் செங்கல் வழியாக ஏறும், கூடவே உப்பும் ஏறும். சுண்ணாம்புச் சுவர் அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். மேலே பிளாஸ்டிக் போன்ற பெயிண்ட் தோல் இருந்தால் ஈரம் அதற்குப் பின்னால் தேங்கி, உப்பு படிகமாகி, தோலைத் தள்ளிவிடும். சிமெண்ட் பூச்சு போட்டால் ஓதம் நிற்காது, இன்னும் மேலே ஏறிவிடும். மூன்றடி கறை ஐந்தடி ஆவது அப்படித்தான்.

ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்று தெரியாவிட்டால், சமையலறை அலுமினியத் தாளை ஓரடிச் சதுரமாக வெட்டி, நான்கு விளிம்பையும் டேப்பால் அடைத்துச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஓதம். வெளிப்பக்கம் நனைந்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை.

ஓதமென்றால் உதிரும் பூச்சை, கறை தெரியும் உயரத்துக்கு மேல் ஓரடி வரை கொத்தி எடுத்து, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி வெளியே போடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு ஆற்று மணல் கலந்த காரையால் பூசச் சொல்லுங்கள். கடற்கரை மணல் ஒரு கூடைகூட வேண்டாம். இளம் கொத்தனார்கள் "கொஞ்சம் சிமெண்ட் போட்டாத்தான் பிடிக்கும்" என்பார்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த மூத்த கொத்தனாராகப் பார்த்துப் பிடியுங்கள்.

மேலே அடிக்க வேண்டியது சுண்ணாம்புதான். அளவு இது. சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோவுக்குத் தண்ணீர் ஐந்து லிட்டர். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீரை ஊற்றி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். மெல்லிய பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டுங்கள். வடிகட்டிய பத்து லிட்டருக்கு 40 கிராம் பிசினை வெந்நீரில் கரைத்துச் சேருங்கள். வெள்ளைக்கு நீலம் சேர்ப்பதானால் கிலோ சுண்ணாம்புக்கு மூன்று கிராம் உச்சம். சிலர் ஒரு பிடி உப்பும் போடுவார்கள். கடலோர வீட்டில் அது ஈரத்தை இழுக்கும், விட்டுவிடுங்கள்.

அடிக்கும் முன் சுவரில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடினால் அடியில் பழைய பெயிண்ட் இருக்கிறது. முழுக்கச் சுரண்டாமல் சுண்ணாம்பு நிற்காது. தண்ணீரை உறிஞ்சினால் சரி. சுவர் ஈரமாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். முதல் பூச்சு அடித்தவுடன் பால்கஞ்சித் தண்ணீர் ஓடியதுபோல மங்கலாகத் தெரியும், உலர்ந்த பிறகே வெளுக்கும். அது தெரியாமல் "வெள்ளையே ஏறலையே" என்று கெட்டியாகக் கலந்து அடித்தால் செதில் செதிலாக உதிரும். மெல்லிசாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள். தையும் மாசியும் இதற்கு நல்ல காலம். அக்கினி நட்சத்திரத்தில் அடித்தால் பிடிக்கும் முன்னே காய்ந்து, கையில் ஒட்டும் தூளாகிவிடும்.

நிறம் வேண்டுமானால் ஆக்சைடு பொடிகளே சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. ஈரத்தில் தெரியும் நிறம் உலர்ந்தால் நன்றாகவே வெளிறிவிடும். அதனால் இரண்டடிச் சதுரத்தில் அடித்து, காய்ந்த பின் காலை, மதியம், இரவு விளக்கு என மூன்றிலும் பார்த்து முடிவெடுங்கள். ஒரு சுவருக்கு வேண்டியதை ஒரே தடவையில் கலந்துவிடுங்கள். பாதியில் தீர்ந்தால் அதே நிறம் திரும்ப வராது.

எங்கே நிறம்? இவ்வளவு வெளிச்சமுள்ள சின்ன அறையில் நான்கு சுவரும் கூரைச் செங்கலும் வெள்ளையாக இருப்பதே நல்லது. மாடக்குழிகளின் உட்புறம் மட்டும் ஆழ்ந்த நீலமோ காவியோ அடியுங்கள். ஆறு அங்குல ஆழத்தில் அந்த நிறம் நிழலோடு சேர்ந்து நிற்கும்போது, உள்ளே வைத்த சின்னப் பித்தளைச் செம்புகூடக் கண்ணை இழுக்கும். தரையிலிருந்து மூன்றடிக்குக் காவிப் பட்டை அடிப்பதும் நல்ல பழைய பழக்கம். ஓதக் கறை, கால் அழுக்கு எல்லாம் அதில் மறையும், ஆண்டுக்கு ஒரு முறை அந்தப் பட்டையை மட்டும் புதுப்பித்தால் போதும். கூரையின் மரக்கட்டைக்கு எண்ணெய் போதும், பெயிண்ட் வேண்டாம். வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருந்தால், வெளிமுகப்பில் கை வைக்கும் முன் நகரமைப்புக் குழுமத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படம் மாட்டுவது

காரைச் சுவரில் சுத்தியலால் ஆணி அடித்தால், ஆணி ஓர் அங்குலம் போகும் முன் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயரும். முதலில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பானையைத் தட்டியதுபோலச் சத்தம் வந்தால் பூச்சு செங்கலை விட்டுப் பிரிந்திருக்கிறது, அந்த இடத்தை விடுங்கள். கெட்டியாகக் கேட்டால் டேப் ஒட்டி, அதன் மேல் 6 மில்லி பிட் போட்டு, டிரில்லில் ஹேமரை அணைத்துவிட்டு, மெதுவாகத் துளையுங்கள். வரும் தூள் வெள்ளையிலிருந்து செங்கல் சிவப்புக்கு மாறிய பிறகும் ஓர் அங்குலம் போக வேண்டும். பிளக்கும் திருகும் செங்கலில்தான் பிடிக்கும், காரையில் பிடிக்காது. திருகு இரண்டரை அங்குலம், பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ். இரும்புத் திருகு ஒரே ஆண்டில் துருப்பிடித்துச் சுவரில் காவி ஒழுக்கு விடும்.

படம் நிறைய இருந்தால் ஒவ்வொன்றுக்கும் துளை போடாதீர்கள். ஏழடி உயரத்தில், கதவு நிலையின் மேல்விளிம்பை ஒட்டி, இரண்டு அங்குல அகலம் முக்கால் அங்குலக் கனத்தில் ஒரு தேக்குச் சட்டத்தைச் சுவர் நீளத்துக்கு ஓடவிட்டு, இரண்டடிக்கு ஒரு திருகு போடுங்கள். அதிலிருந்து பித்தளைச் சங்கிலியில் படங்களைத் தொங்கவிடலாம், நினைத்தபோது இடம் மாற்றலாம். பழைய வீடுகளில் தாத்தா படத்தை முன்பக்கம் சாய்த்து மாட்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. கண்ணாடியில் முற்றத்து வெளிச்சம் அடித்துப் படம் தெரியாமல் போவதைச் சாய்வு தவிர்க்கும், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றும் போகும். நேராக மாட்டினால் சட்டத்தின் கீழ் இரு மூலையிலும் சின்ன ரப்பர் குமிழ் ஒட்டுங்கள்.

போட்டோ கண்ணாடியைத் தொட்டால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகம் கண்ணாடியோடு வரும். நடுவே மவுண்ட் அட்டை வையுங்கள். அதைவிட நல்லது, மூலப்படத்தை ஸ்கேன் செய்து நகலைச் சுவரில் மாட்டி, மூலத்தை இரும்புப் பெட்டியில் அல்லாமல் அட்டைப் பெட்டியில் மேல்தட்டில் வைப்பது.

உங்கள் வீட்டுச் சாமானும் கடைச் சாமானும்

பாண்டிக் குடும்பங்களில் தனித்துவத்துக்குப் பஞ்சமே இல்லை. வியட்நாமின் சைகோனில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் கொண்டுவந்த அரக்குப் பெட்டி, பீங்கான் கிண்ணம், பிரெஞ்சு முத்திரை குத்திய எத்தசிவில் (பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு) பத்திரம், 1954க்கு முந்தைய பள்ளிச் சான்றிதழ் இவையெல்லாம் பரணில் கிடக்கும். எல்லாவற்றையும் இறக்கி வரிசையாக வைத்தால் வீடு மியூசியமாகிவிடும். ஒரு அறைக்கு ஒரு கதை போதும். கூடத்தில் சைகோன் என்றால் அங்கே பாட்டியின் பித்தளைக் குத்துவிளக்கு வரிசை வேண்டாம், அது சமையல்கட்டு மாடத்துக்குப் போகட்டும். மீதியைப் பெட்டியில் வைத்து, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது மாற்றுங்கள்.

கடையில் வாங்குவதானால் ஞாயிற்றுச் சந்தையிலும் ஊரைச் சுற்றியுள்ள பழைய சாமான் கடைகளிலும் தேடலாம். "நூறு வருஷ செட்டிநாடு" என்று காட்டும் அலமாரியின் இழுப்பறையை வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பலகையும் முன்பலகையும் ஒரே நிறத்தில் இருந்தால் சமீபத்தில் கறை ஏற்றியது. நிஜமாகவே பழையதில் அடிப்பக்கம் வெளிறியும், கை படும் விளிம்பு மட்டும் மழுங்கியும் இருக்கும். நட்சத்திர வெட்டுள்ள திருகு தென்பட்டால், குறைந்தபட்சம் பின்னால் யாரோ பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். விலையைப் பாதியிலிருந்து பேசத் தொடங்குங்கள்.

வாங்கியதும் நேராக வீட்டுக்குள் ஏற்றாதீர்கள். திண்ணையில் கறுப்புத் துணி விரித்து அதன் மேல் பத்து நாள் நிறுத்துங்கள். துணியில் மாவு போலத் தூள் விழுந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு துளையிலும் ஊசி வைத்து மரவண்டு மருந்து ஏற்றி, மெழுகால் அடைத்து, இன்னும் பத்து நாள் பாருங்கள். கூரைக்கட்டையும் மரமாக இருக்கும் வீட்டில் இந்த இருபது நாளைச் சுருக்கவே கூடாது.

மேற்பூச்சுக்கு, ஸ்பிரிட்டில் அரக்கு கரைத்த பிரெஞ்சு பாலிஷ் அழகுதான். ஆனால் ஈரக்காற்றில் அடித்தால் பால் ஊற்றியது போல வெளுக்கும், காபி டம்ளர் வட்டமும் பிடிக்கும். கடலுக்கு அருகே என்றால் 120, 180, 220 எனப் படிப்படியாக உப்புத்தாள் போட்டு, லின்சீட் ஆயில் மெல்லிசாக இரண்டு தடவை தேய்த்து, மேலே தேன்மெழுகு போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போட்டுப் பிறகு எறியுங்கள்.

நாற்காலியின் பிரம்புப் பின்னல் தொய்ந்திருந்தால் உடனே மாற்ற வேண்டியதில்லை. கவிழ்த்துப்போட்டு அடிப்பக்கத்தை வெந்நீர்த் துணியால் நன்றாக நனைத்து, இரவு முழுக்க நிழலில் விட்டால் இழுத்துக்கொள்ளும். இழை அறுந்திருந்தால்தான் பின்னுபவரைத் தேட வேண்டும்.

சின்ன அறையில் கால் தெரியும் சாமான்களே நல்லது. தரை ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தால் இடம் பெரிதாகத் தோன்றும், அடியில் பெருக்கவும் முடியும். எதையும் சுவரோடு ஒட்டாமல் மூன்று விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் பின்பலகை பூஞ்சை பிடிக்கும். ஊஞ்சலைச் சின்னக் கட்டையில் மாட்டவே கூடாது. பெரிய உத்திரத்தில்தான், அதுவும் ஆசாரி வந்து உத்திரத்தின் சுவர்முனை உளுத்திருக்கிறதா என்று குத்திப் பார்த்த பிறகு.

துணி, தரை, விளக்கு

மேல் இரண்டு கீழ் இரண்டு என நாலு கதவுள்ள பழைய சன்னல் இருந்தால் திரையே வேண்டாம். கீழ்க்கதவைச் சாத்தி மேல்கதவைத் திறந்தால் தெருவில் போகிறவர் கண்ணும் மறையும், வெளிச்சமும் வரும். இல்லையென்றால் பழைய நூல் சேலை ஒன்று எடுங்கள். ஐந்தரை மீட்டர் சேலையைக் குறுக்கே மூன்றாக வெட்டினால் ஆறடி உயரத்தில் மூன்று துண்டு. மூன்றடி அகலச் சன்னலுக்கு இரண்டு துண்டு சுருக்கோடு சரியாக வரும், கரை நெடுக்காக ஓடும். வெட்டும் முன் ஒரு இரவு ஊறவைத்து அலசுங்கள், இல்லாவிட்டால் முதல் சலவையில் சுருங்கி முழங்காலுக்கு ஏறும். கம்பி சன்னலைவிட இரு பக்கமும் அரையடி நீண்டிருந்தால், திரையைத் தள்ளும்போது சன்னல் முழுவதும் திறக்கும். பட்டுச்சேலையை மேற்குச் சன்னலில் போடாதீர்கள். ஒரே கோடையில் மடிப்பு விழுந்த இடமெல்லாம் இற்றுவிடும்.

காவி ஆக்சைடு தரைக்கும் ஆத்தங்குடி கல்லுக்கும் ஆசிட் ஆகாது, ஒரு தடவை பட்டாலே சொரசொரப்பாகிவிடும். வெறும் தண்ணீர், வாரம் ஒரு முறை அதில் சில சொட்டுத் தேங்காயெண்ணெய்.

வயரிங்குக்காகக் காரைச் சுவரை வெட்ட விடாதீர்கள். கேசிங் பட்டையில் சுவருக்கு வெளியே ஓடவிட்டு, சுவரின் நிறத்தையே அடித்துவிடலாம். பழைய துணிச்சுற்று வயர் இருந்தால் முழுக்க மாற்றி, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போடுங்கள். நடுக்கூரையில் ஒரு வெள்ளை டியூப்லைட்டுக்குப் பதில், 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் பல்புகளை மூன்று இடத்தில் ஆளுயரத்துக்குக் கீழே வையுங்கள். சுண்ணாம்புச் சுவரின் மேடுபள்ளம் அழகாகத் தெரிவது அந்தப் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான்.

ஐப்பசிக்கு முன்

வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசிக் கடைசியில், மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயின் வாயைச் சுத்தம் செய்து, தளத்தின் விரிசலைச் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள். தானே, ஃபெஞ்சல் போன்ற புயல்களில் மழை படுக்கைவாட்டில் அடித்துச் சன்னல் இடுக்கு வழியாக உள்ளே வரும். கிழக்குச் சுவரில் உள்ள படங்களை இறக்கி உட்சுவருக்கு மாற்றுங்கள். தரையில் நிற்கும் மரக்கால்களுக்கு அடியில் இரண்டங்குலக் கருங்கல் துண்டு வையுங்கள். முற்றத்து உருளியில் பூ மிதக்கவிடுபவர்கள், மழை நாளானாலும் வாரம் இரு முறை தண்ணீரைக் கொட்டி உள்சுவரைத் தேய்த்துவிட வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தண்ணீரில் மிதக்காமல் விளிம்பில்தான் ஒட்டியிருக்கும்.